சிற்றிலும் சுரங்கமும்

பிள்ளைத்தமிழ் நடத்துகிறபோது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு ஒரே இடத்தில் நின்றுவிடும். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று முதல் ஏழு பருவங்கள் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. எட்டாவதில் பாதை பிரிகிறது. பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆணுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். கரும்பலகையில் இரண்டு வரிசையாக எழுதிவிட்டுத் திரும்பினால் யாராவது ஒருத்தி கேட்பாள்: "சிற்றில்னா என்னா மேடம்?"

"பொண்ணுங்க தெருமண்ணுல கட்டி விளையாடற சின்ன வீடு."

"அத எதுக்கு அவன் ஒடைக்கணும்?"

தேர்வுக்கான விடை தயாராக இருக்கிறது. குழந்தையின் குறும்பைத் தெய்வத்தின் திருவிளையாடலாகப் பாடுவது மரபு. இரண்டு மதிப்பெண். ஆனால் அந்தப் பருவம் முழுக்கப் பேசுகிறவர்கள் வீடு கட்டிய சிறுமிகள். மிதித்துவிடாதே என்று பாட்டுக்குப் பாட்டு கெஞ்சுகிறார்கள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழியிலும் இதே கெஞ்சல்தான். இவற்றுக்கெல்லாம் முந்திய கலித்தொகையில், குறிஞ்சிக்கலியின் தலைவி தோழியிடம் ஒரு கதை சொல்கிறாள். சின்ன வயதில் நம் மணல்வீட்டைக் காலால் கலைத்தானே, அவன் வளர்ந்தபின் ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்து என் கையைப் பிடித்தான், நான் அலறினேன், ஓடிவந்த அம்மாவிடம் அவனுக்கு விக்கல் என்று சொல்லிச் சமாளித்தேன் என்கிறாள். இனிமையான பாட்டு என்றுதான் எனக்குக் கற்பித்தார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன்.

மணல்வீட்டைக் கலைத்த காலும் கையைப் பிடித்த கையும் ஒருவனுடையவை என்பது அந்த முதலாண்டு மாணவியின் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டைக் கட்டியவள் எப்படிக் கட்டினாள், எத்தனை அறை வைத்தாள், யாரை முதலில் உள்ளே விட்டாள் என்பதைப் பற்றி நம் வகுப்புகளில் பேச்சே வருவதில்லை.

இந்தக் கட்டுரை அப்படிக் கட்டிய ஒருத்தியைப் பற்றியது. அவள் கட்டியது காகிதத்தில் ஓர் அரண்மனை. ஒரு விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதன்முதலில் நுழைவதற்கென்றே கட்டியது. 1981இல் அமெரிக்காவில் அது சிதைக்கப்பட்டது. அரியூரில், என் வீட்டு மொட்டைமாடியில், நான் ஒரு தவறு செய்த பிறகுதான் அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

மொட்டைமாடியில் ஒரு சாவு

பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவி ஒருத்தி பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு விளையாட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். பெயரைக் கேட்டால் கணினி விளையாட்டு என்று தோன்றும். இதற்குக் கணினி வேண்டாம், பலகையும் காயும்கூடக் கட்டாயமில்லை. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள்: வாள் வீரர், மந்திரக்காரி, திருடி, பூசாரி. "முன்னால் ஒரு கதவு. உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம். என்ன செய்கிறாய்?" என்று நடத்துகிறவள் கேட்பாள். நீங்கள் சொல்வதுதான் அடுத்த கதை. நடக்குமா நடக்காதா என்று தெரியாத இடத்தில் பகடை உருளும்.

கதை நடத்துகிறவளிடம் யாருக்கும் காட்டாத ஒரு வரைபடம் இருக்கும். பூமிக்கடியில் அறைகள், வழிகள், பொறிகள், பிராணிகள், புதையல். இதைத்தான் டன்ஜன் என்கிறார்கள். நமக்குச் சுரங்கம் என்று சொன்னாலே போதும். எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும், "இங்கேர்ந்து செஞ்சிக் கோட்டை வரைக்கும் சுரங்கம் போவுது" என்று சொல்ல ஒரு பெரியவர் உண்டு. யாரும் போய்ப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்து மாணவிகள் வந்தார்கள். அரியூர் புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் இருப்பதால் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் எல்லோரும் ஆறு மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். சுற்றுக்கட்டு கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒருத்திக்கு ஐந்தரை. வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். அவள் மந்திரக்காரியைத் தேர்ந்தெடுத்தாள். பெயர் யோசிக்க மட்டும் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டு, நோட்டில் மூன்று பெயர் எழுதி அடித்து, நாலாவதை வைத்துக்கொண்டாள்.

புத்தகத்தில் படித்த உற்சாகத்தில் நான் முதல் அறையிலேயே ஒரு குழி வைத்திருந்தேன். மேலே ஓலை பரப்பி மறைத்த குழி. "நான் முன்னாடி போறேன்" என்று அவள்தான் சொன்னாள். எங்களிடம் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல்முறை. பகடை போட்டாள். விழுந்தாள். செத்தாள். விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். "பரவால்ல மேடம், நான் வேடிக்கை பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் கீழே போய் டீ குடித்த டம்ளர்களைக் கழுவி வைத்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை.

முன்னால் போகிறேன் என்று ஒருத்தி வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்ன இடத்தில் நான் குழி வெட்டி வைத்திருந்தேன். இதை எப்படிச் சரியாகக் கட்டுவது என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். புதியவர்களுக்கான முதல் சுரங்கத்தை இதற்குமுன் கட்டியவர்கள் யார்?

முதல் கதவு யாருக்கு?

இந்த விளையாட்டு போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, விதிப்புத்தகம் பார்த்து நகர்த்தும் ஆண்களின் பொழுதுபோக்கு அது. 1970களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன், படையை விட்டுவிட்டு ஆளுக்கொரு பாத்திரம் என்று மாற்றி, பிளாக்மூர் என்ற கற்பனை ஊரின் கோட்டைக்கு அடியில் ஒரு நிலவறையை வைத்தார். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரில் கேரி கைகாக்ஸ் அதைப் பார்த்துத் தானும் ஒன்று வரைந்தார். அந்தச் சுரங்கத்தைச் சோதித்துப் பார்க்க முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள், எர்னியும் எலீஸும். ஆக இந்த வரலாற்றில் முதன்முதலாகப் படியிறங்கிய புதியவர்களில் ஒரு சிறுமியும் உண்டு.

1974இல் ஆர்னெசனும் கைகாக்ஸும் மூன்று சிறு புத்தகங்களாக விளையாட்டை வெளியிட்டார்கள். முதல் அச்சு 1,000 பிரதிகள். வாங்கியவர்களுக்குப் புத்தகத்தைப் படித்து விளையாட்டைப் புரிந்துகொள்வது பெரும்பாடு. ஏற்கெனவே விளையாடத் தெரிந்த ஒருவர் சொல்லித்தந்தால்தான் உண்டு. தெரிந்தவர்களோ போர் விளையாட்டுச் சங்கங்களில் இருந்த ஆண்கள். கதவில் பூட்டு எதுவும் இல்லை. ஆனால் கதவு இருந்தது அவர்களுடைய சங்கத்துக்குள்.

அவர்கள் பெண்களை எதிர்பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. எதிர்பார்த்த விதம்தான் பிரச்சினை. 1976இல் நிறுவனத்தின் டிராகன் இதழ், மூன்றாவது இதழிலேயே, பெண் பாத்திரங்களுக்குத் தனி விதிகளை முன்வைக்கும் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அதில் பெண்ணுக்கு அழகு என்று ஓர் அளவீடு, மயக்குவதற்கு மந்திரங்கள். 1978இல் வந்த விரிவான விதிநூலில் பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு அச்சாகியிருந்தது. பறக்கும் நாகம் இருக்கலாம், தீயுமிழும் கோலும் இருக்கலாம். வலிமையான பெண் இருப்பதற்கு மட்டும் அங்கே கணக்கு இடம் கொடுக்கவில்லை. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் என்ற பெண், விளையாடுகிறவர்கள் தாங்களே தட்டச்சு செய்து அனுப்பும் பக்கங்களைச் சேர்த்து ஒரு சிற்றிதழைத் தொடங்கினார். 1975இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் அதை நடத்தினார்.

புதியவர்களுக்கான பெட்டியை முதலில் உருவாக்கியவர் ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர். 1977இல் அவர் மூன்று புத்தகங்களையும் சுருக்கி, முதல் மூன்று நிலைகளுக்கு மட்டுமான ஓர் அரிச்சுவடியாக்கினார். பிறகு அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு மாதிரிச் சுரங்கத்தையும் வைத்துக் கொடுத்தார்கள். முதலாவது மைக் கார் எழுதியது. அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. அறைகளுக்கு வருணனை உண்டு. எந்த அறையில் எந்தப் பிராணி, எந்தப் புதையல் என்பதைக் காலியாக விட்டுப் பக்கத்தில் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். கதை நடத்தப் பழகுகிறவர் பட்டியலிலிருந்து எடுத்துத் தானே நிரப்ப வேண்டும். அரிச்சுவடியில் புள்ளி வைத்துக் கொடுத்து, எழுத்தைக் குழந்தையையே இழுக்கச் சொல்வது போல.

அதற்குப் பதிலாக அடுத்து வந்தது கைகாக்ஸின் எல்லைக் கோட்டை. லட்சக்கணக்கானவர்கள் இந்த விளையாட்டை இதன் வழியாகத்தான் கற்றார்கள். ஒரு பத்திரமான கோட்டை, கொஞ்ச தூரத்தில் ஆபத்தான குகைகள். அடிபட்டால் திரும்பி வந்து படுக்க ஒரு சத்திரம். இந்த அமைப்பைப் படித்தபோது என் குழி எனக்கு உறுத்தியது. ஆனால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பல குகைகளில் "பெண்களும் குட்டிகளும்" ஓர் அறையில் இருப்பார்கள். சண்டையிட மாட்டார்கள், பேச மாட்டார்கள். எத்தனை தலை என்ற எண்ணிக்கைக்கு மட்டும் இருப்பார்கள்.

ஜீன் வெல்ஸின் அரண்மனை

1979இல் அந்த நிறுவனம் தன் வடிவமைப்புப் பிரிவில் முதன்முதலாக ஒரு பெண்ணைச் சேர்த்தது. ஜீன் வெல்ஸ், அப்போது இருபதுகளின் நடுவில் இருந்தவர். டிராகன் இதழில் வாசகர்களின் விதிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதியைத் தொடங்கியவர் அவர்தான். அதாவது, புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது மாதாமாதம் கடிதமாக வந்து விழுந்த மேசை அவருடையது. 1980இல் அதே இதழில், பெண் விளையாட்டாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பது பற்றிப் பெண்களின் கடிதங்களைக் கொண்டு கிம் மோகன் என்ற ஆசிரியருடன் சேர்ந்து ஒரு கட்டுரையும் எழுதினார்.

அடுத்த அறிமுகச் சுரங்கத்தை எழுதும் வேலை அவருக்கு வந்தது. தலைப்பு, வெள்ளி இளவரசியின் அரண்மனை. ஆர்ஜென்டா என்ற இளவரசி, ஒரு மாணிக்கம், பாழடைந்த மாளிகை. புதிதாகக் கதை நடத்துகிறவர்கள் தாமே நிரப்பிக்கொள்ளச் சில அறைகளை அவரும் காலியாக விட்டிருந்தார். ஆரஞ்சு நிற அட்டையோடு அச்சாகியும் வந்தது.

வந்த வேகத்தில் 1981இல் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்று அழித்தது. தப்பிய பிரதிகள் மிகச் சில. பிறகு டாம் மோல்ட்வே என்ற இன்னொரு வடிவமைப்பாளர் அதை ஏறக்குறைய புதிதாகவே திருத்தி எழுத, பச்சை அட்டையில் அதே தலைப்போடு வெளியிட்டார்கள். ஜீன் வெல்ஸின் பெயர் இரண்டாவதாக நின்றது.

காரணமாகச் சொல்லப்படுபவை இரண்டு படங்கள். ஒன்றில் மூன்று தலைப் பிராணிகளின் முகங்கள் நிறுவனத்தில் இருந்தவர்களைக் கேலி செய்வது போல வரையப்பட்டிருந்தன. இன்னொன்றில் ஒரு பெண்ணை அவள் கூந்தலாலேயே கட்டித் தொங்கவிட்டிருக்க, சுற்றிலும் ஆண்கள் நின்று சீண்டுகிறார்கள். கதைப்படி அது ஒரு மாயத் தோற்றம். காப்பாற்ற ஓடி வருகிறவர்களைப் பிடிக்க ஒரு பிராணி விரிக்கும் வலை. வரைந்தவர் லாரா ராஸ்லாஃப், ஒரு பெண். காட்சியை எழுதியவர் ஜீன் வெல்ஸ்.

இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட எனக்கும் ஆசைதான். பெண் எழுதினாள், ஆண்கள் அழித்தார்கள் என்று முடித்தால் கதை நேராக இருக்கும். ஆனால் அந்தப் படத்தை என் மாணவிகளுக்கு நானும் காட்ட மாட்டேன். பெண்ணுடலைத் தூண்டில்புழுவாக்கும் கதைகளுக்குள்தான் அவரும் வளர்ந்தார், நாமும் வளர்ந்தோம். குறிஞ்சிக்கலியை இனிமையென்று நடத்திய நான் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நான் கேட்பது வேறு. படம் தப்பு என்றால் படத்தை எடுத்திருக்கலாம். ஒரு பக்கத்தைக்கூட எடுத்திருக்கலாம். அரண்மனையையே இடித்து இன்னொருவர் கையில் ஏன் கொடுக்க வேண்டும்? முதல் முயற்சியில் தவறினால் திருத்திக்கொண்டு மறுபடி வரலாம் என்ற சலுகை, புதியவர்களுக்காக எழுதிய அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதிய இன்னொரு சாகசம் அந்த நிறுவனத்திலிருந்து வரவில்லை. சிறிது காலத்தில் வேலையை விட்டுப் போனார். 2012 ஜனவரியில் இறந்தார். விளையாட்டின் உரிமை 1997இல் வேறொரு நிறுவனத்துக்குப் போன பிறகு, அந்த ஆரஞ்சுப் பிரதியை அவர்களே இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள்.

1983இல் அறிமுகப் பெட்டி மறுபடி புதிதாக வந்தது. இந்தமுறை ஃபிராங்க் மென்ட்சர் எழுதினார். துணைக்கு ஆள் இல்லாதவரும் தனியாகப் படித்தே விளையாடிப் பழகும்படி அமைத்திருந்தார். கற்றுக்கொடுக்கும் முறையில் அது பெரிய முன்னேற்றம். குகைக்குள் நீங்கள் அலீனா என்ற பூசாரிப் பெண்ணைச் சந்திக்கிறீர்கள். அவள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விதிகளைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள், காயத்தை ஆற்றுகிறாள், உங்களோடு நடக்கிறாள். சில பக்கங்கள் தாண்டி பார்கில் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். அவளுக்காகக் கண்ணீர் விட்டதாக இன்றும் நினைவுகூரும் ஆண்கள் பலர். கற்றுக்கொடுக்கப் பெண் வேண்டும். கற்று முடிந்ததும் கதைக்கு அவள் தேவையில்லை. இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடுகளில் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கதையிலிருந்து காணாமல் போன பெண்களை எனக்கு நிறையத் தெரியும்.

ஆயாவின் தாயக்கட்டை

எனக்கு விளையாடச் சொல்லிக்கொடுத்தது என் ஆயா. வைகுண்ட ஏகாதசி ராத்திரி தூங்கக்கூடாது என்பதற்காகத் தெருப்பெண்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். ஒரு பக்கம் பரமபதம், ஒரு பக்கம் தாயம். சிறு பிள்ளைகளை முதலில் பரமபதத்தில் உட்கார வைப்பார்கள். எண்ணத் தெரிந்தால் போதும், ஆடிவிடலாம். பாம்பு கடித்துக் கீழே இறங்கினாலும் ஆட்டம் முடிவதில்லை; கட்டம் மாறும், அவ்வளவுதான். பாம்பின் பெயர்களும் ஏணியின் பெயர்களும் அப்படியே மனப்பாடமாகிவிடும்.

தாயம் அடுத்த வகுப்பு. அங்கே முதல் கதவு கடினம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். பித்தளைக் கட்டை ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நாலு முகம். இரண்டு கட்டை உருண்டால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் இரண்டே விதம். எட்டு முறைக்கு ஒருமுறை என்று கணக்கு. ஒரு பிள்ளைக்கு விழவே விழாமல் அழுகை வருகிற நேரம் பார்த்து ஆயா, "இரு, எங்கை நல்ல கை" என்று தன் முறையை அவளுக்காக உருட்டுவாள். விதியை யாரும் மாற்றியதாக ஆகாது. பிள்ளை உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு அவள் காயை வெட்ட ஆயா தயங்கவே மாட்டாள். வெட்டுப்படாமல் நிற்க மலைக்கட்டம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் முன்பே சொல்லியிருப்பாள்.

புதியவளை உள்ளே விடு. ஒதுங்கி நிற்க இடம் காட்டு. பிறகு பொய்யாக விட்டுக்கொடுக்காமல் ஆடு. அமெரிக்காவில் பெட்டிக்குப் பெட்டி தேடிய பாடத்திட்டம் எங்கள் திண்ணையில் இருந்தது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆயாவின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சங்க இலக்கியத்தில் பெண்களின் ஓரையும் வண்டலும் கழங்கும் எவ்வளவு வருகின்றனவோ, அதே அளவு அழுத்தமாக வருவது இற்செறிப்பு. பெண் பருவம் அடைந்ததும், அல்லது அவள்மேல் ஊர்க்கண் விழுந்ததும், மணலாட்டம் முடிந்து வீட்டுக்குள் இருத்துகிறார்கள். பிறகு அவள் விளையாடக் கிடைத்த இடம் திண்ணை, அடுப்படி, ஏகாதசி ராத்திரி. அந்த இடத்துக்குள்ளேயே ஒரு தலைமுறை அடுத்ததற்குச் சொல்லிக்கொடுத்தது. எங்கள் ஞாயிறு மதியமும் ஆறு மணி பஸ்ஸும் அந்த நீளமான கதையின் ஒரு பக்கம்தான்.

கிணற்றடிச் சுரங்கம்

மறுபடி வரைந்தேன். கட்டத்தாள் வேண்டாமென்று, மொட்டைமாடித் தரையில் கோலமாவால் புள்ளி வைத்தேன். நேர்ப்புள்ளி ஏழுக்கு ஏழு. புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்தால் சுவர், விட்டால் வழி. இருபது முகப் பகடையை எடுத்து வைத்துவிட்டு ஆயாவின் கட்டைகளை எடுத்தேன். கூட்டுத்தொகை மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் நினைத்தது நடக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது பன்னிரண்டு. 16இல் 11 விதம் சாதகம், ஐந்து பாதகம். புதிதாக வருகிறவளுக்குப் பத்தில் ஏழு தடவையாவது உலகம் ஆமாம் சொல்ல வேண்டும். பழைய விதியில் ஒரு புதிய மந்திரக்காரியின் உயிர் ஒன்றிலிருந்து நாலு புள்ளி வரை. ஒரே வாள்வீச்சில் போய்விடும். அதை விட்டுவிட்டேன். எங்கள் விதியில் தோற்றால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும்: விளக்கு, கயிறு, தோழி ஒருத்தியின் நம்பிக்கை, அல்லது நேரம். நேரம் போனால் இருட்டும். அது எங்களுக்கு நன்றாகவே புரியும் அபாயம்.

ஐந்தே அறைகள். கரும்புத் தோட்டத்து ஓரமாய்த் தூர்ந்த கிணறு, அதன் படியில் ஒரு துவாரம். முதல் அறையில் ஆபத்து கிடையாது. ஒரு முடிவு மட்டும் எடுக்க வேண்டும். இரண்டு வாசல். ஒன்றிலிருந்து வெல்லம் காய்ச்சும் வாசனை, மற்றதிலிருந்து குளிர்காற்று. எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்று தெரிந்து தேர்ந்ததாக இருக்க வேண்டும். கண்ணைக் கட்டி இடமா வலமா என்று கேட்பதில் விளையாட்டு இல்லை. இரண்டாவது அறையில் பேசக்கூடிய ஒருத்தி. வெட்டினாலும் போகலாம், பேசியும் போகலாம். மூன்றாவதிலிருந்து முதல் அறைக்கே திரும்பும் வேறொரு வழி. இதை ஜெனெல் ஜேக்குவேஸிடம் கற்றேன். 1979இலேயே சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று சந்திக்கும் பாதைகளோடு சுரங்கங்கள் வரைந்து பெயர் பெற்றவர், பின்னாளில் தன்னைத் திருநங்கையாக வெளிப்படுத்திக்கொண்டவர். 2024 ஜனவரியில் மறைந்தார். நாலாவது அறையில்தான் மெய்யான ஆபத்து. அதன் வாசலில் அடையாளம் வைத்திருந்தேன்: பாதி எரிந்த பந்தம், யாரோ அவசரமாக விட்டுப்போன செருப்பு. எச்சரிக்கை தெரிந்த பிறகு உள்ளே போகிறவள் துணிச்சல்காரி. தெரியாமல் போனால் அவள் என் குழியில் விழுந்தவள்.

ஐந்தாவது அறை காலி. வெல்ஸுக்காக.

வராமல் நின்றவளை வகுப்பு முடிந்தபின் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் கட்டினது சரியில்லம்மா. மாத்திட்டேன். வந்து பாரு" என்றேன். ஆசிரியர் ஒருவர் தன்னிடம் அப்படிச் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஞாயிறு வந்தாள். பழைய மந்திரக்காரியின் பெயரையே வைத்துக்கொண்டாள். கிணற்றுப் படியில் நின்று, துவாரத்துக்குள் போகிறீர்களா என்று நான் கேட்டதும் அவள் திருப்பிக் கேட்டாள்: "உள்ள போனா திரும்பி வர முடியுமா மேடம்?"

நான் படித்த எந்த விதிப்புத்தகத்திலும் இவ்வளவு துல்லியமான கேள்வி இல்லை. வீட்டை விட்டு வெளியே போகும் எந்தப் பெண்ணும் மனசுக்குள் கேட்டுக்கொள்வதுதான். போவதைவிட, போய்வந்த பின் பழைய இடம் தனக்கு இருக்குமா என்பதுதான் அவளுக்குக் கவலை. ஜீன் வெல்ஸுக்கு அந்த இடம் இருக்கவில்லை.

"முடியும். வழி எப்பவும் தொறந்திருக்கும்" என்றேன்.

"அப்ப நான் முன்னாடி போறேன்."

அன்று அவள் விளக்கை இழந்தாள், கயிற்றை இழந்தாள், நாலாவது அறையிலிருந்து ஓடியும் வந்தாள். கோலத்தை மிதிக்காமல் சுற்றி நின்று ஐந்து பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். ஐந்தாவது அறையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. "அங்க என்ன இருக்குன்னு அடுத்த வாரம் நீ வந்து சொல்லு" என்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் நடத்தினாள். ஐவரில் நான் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். நோட்டைத் திறந்து, கொஞ்சம் வேகமாக, நிமிராமல் படித்தாள். அறை சின்னது. நடுவில் ஓர் அகல்விளக்கு. விளக்கடியில் ஒரு கிழவி தாயம் விளையாட ஆள் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். வெட்ட முடியாது, ஏமாற்றவும் முடியாது.

"தாயம் போட்டாத்தான் வுடுவா" என்றாள், முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து. "போடுங்க மேடம்."

எனக்கு மூன்று விழுந்தது. பிறகு இரண்டு. பிறகு மறுபடி மூன்று. ஐந்தரை ஆகப்போகிறது என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். அவள் கையிலிருந்த நோட்டை மூடிவிட்டு என்னிடமிருந்து கட்டைகளை வாங்கினாள். "இருங்க, எங்கை நல்ல கை" என்றாள். என் ஆயாவைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை.